கோடம்பாக்கம் போகச் சொல்பவர்களுக்கு

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ ஓர் இளைஞர், லேப்டாப்பும் மைக்கும் வைத்து வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யப்போவதாகச் சொன்னால், அவருக்கு மூன்று அறிவுரைகள் தயாராக இருக்கும். "கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டு மேல வீடு. இந்தச் சத்தத்துல என்னத்த ரெக்கார்டு பண்ணுவ?" இது முதலாவது. "மொதல்ல நல்ல கண்டென்சர் மைக்கு வாங்கு, செவுத்துல ஃபோம் ஒட்டு, அப்புறம் பாட்டப் பத்தி யோசி." இது இரண்டாவது. "அட, எப்படியாவது பாடிக் குடுப்பா, மிக்ஸிங்ல பாத்துக்கலாம்." இது மூன்றாவது. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அறிவுரைகள்தான். ஆனாலும் மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்று: நல்ல ஒலி கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கத்தில் பிறப்பது; வடசென்னைக்காரர் அங்கே போய் மணிக்கணக்குக்குக் காசு கட்டிவிட்டுத் திரும்ப வேண்டியவர்.

இந்த முடிவு தவறு. அதைக் காட்ட ஆவேசம் வேண்டியதில்லை. பள்ளிக்கூட இயற்பியலும் கொஞ்சம் வரலாறும் போதும்.

எதிர்த்தரப்பில் இருக்கும் நியாயத்தை முதலிலேயே கொடுத்துவிடலாம். முப்பது வயலின்களை ஒன்றாக உட்காரவைத்துப் பதிவதற்குப் பத்துக்குப் பத்து அறை ஆகாது. முழு டிரம்ஸ் செட்டும் அப்படியே. சினிமா தியேட்டருக்கான பல சேனல் மிக்ஸிங்கை, அதற்கென்று அளந்து கட்டிய அறையில்தான் செய்ய வேண்டும். இவற்றில் வாதமே இல்லை. ஆனால் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே பிறக்கும் பாட்டு பெரும்பாலும் கேட்பது என்ன? ஒரு கானாப் பாடகர், ஒரு டோலக், சட்டி, கட்ட மோளம், பறை, கூடவே ஒரு கீபோர்டு. இல்லையென்றால் ஒரு பீட்டின் மேல் சொல்லிசை பாடும் ஒரு குரல். இதற்கும் பெரிய ஸ்டுடியோ இல்லாமல் ஆகாது என்பதைத்தான் ஏற்க முடியாது.

வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. இந்தியாவில் வணிக இசைத்தட்டுப் பதிவு தொடங்கியதே ஸ்டுடியோவுக்கு வெளியே. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க், கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறையைத் தற்காலிகப் பதிவுக்கூடமாக்கி கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிந்தார். 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தன் வீட்டில் உட்கார்ந்து, நான்கு டிராக் கேசட் கருவியில் மாதிரிக்காகச் சில பாடல்களைப் பாடி வைத்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் முறையாகப் பதிந்து பார்த்தும் கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளிவந்தது. பில்லி ஐலிஷ் 2019இல் வெளியிட்ட ஆல்பம் லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் உருவானது; அடுத்த ஆண்டு, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்பவர்கள் கோடம்பாக்கத்தையே பார்க்கட்டும். ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் தன் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் ரெக்கார்டு இன் என்ற பதிவுக்கூடத்தைக் கட்டினார். 1992இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசை அங்கே உருவானது. எந்தப் பேட்டையை எடுத்துக்காட்டாகச் சொல்லி நம்மை அழைக்கிறார்களோ, அந்தப் பேட்டையின் ஒலியை மாற்றிப்போட்டதே ஒரு வீட்டு ஸ்டுடியோதான். அவரிடம் விலையுயர்ந்த கருவிகள் இருந்தன, அறையை முறையாகக் கட்டியிருந்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கருவிகள் வாடகை ஸ்டுடியோக்களிலும் இருந்தன. அங்கே இல்லாதது, இரவெல்லாம் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கும் உரிமை. வீட்டுப் பதிவின் பெரிய மூலதனம் அந்த நேரம். மணிக்கு இவ்வளவு என்று கடிகாரம் ஓடும் இடத்தில் ஒரு கானாப் பாடகர் பாடுவது வேறு. சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து தட்டிக்கொண்டு, குரல் சூடேறிய பிறகு பாடுவது வேறு.

இனி சத்தத்துக்கு வருவோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்கள், திருவொற்றியூர் தேரடியில் தலைக்கு மேல் ஓடும் மெட்ரோ, கும்மிடிப்பூண்டி ரயில், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் உண்டு. மறுக்கவில்லை. கேள்வி, அதில் எவ்வளவு மைக்கில் விழுகிறது என்பது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் உறுமிக்கொண்டு நின்றால் வினாடிக்கு 30 முறை வெடிக்கிறது. அதாவது 30 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளாக 60, 90. உச்சத்தில் பாடும் கானாக் குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் பெரிதாக இல்லை. எந்த இலவச மென்பொருளிலும் இருக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை அந்த எல்லையில் வைத்தால், குரலைத் தொடாமல் அந்த உறுமலில் பெரும்பகுதி போய்விடும். ஏர் ஹாரன் அப்படிப் போகாது. குரல் இருக்கும் இடத்திலேயே அதுவும் இருக்கிறது. ஹாரன் விழுந்த வரியை மறுபடி பாட வேண்டியதுதான். வீட்டில் அதற்கு வாடகை ஏறாது.

இதைவிடப் பெரிய ஆயுதம் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். வெளிச்சத்தம் இருந்த அளவிலேயே இருக்கும். ஒரு முழம் தள்ளி நின்று பாடுபவர் நாலு விரல்கடைக்கு நெருங்கினால் கிடைக்கும் லாபம் சுமார் 15 டெசிபல். இதைச் சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சத்தம் அதிகபட்சமாக 6 டெசிபல் அளவுக்குக் குறையும்; நாலு மடங்காக்கினால் 12. கொத்தனாரும் சிமென்ட்டும் தராததை ஒரு அடி முன்னே வருவது தருகிறது. கதவின் அடி இடுக்கில் பழைய லுங்கியைச் சுருட்டி வைத்து, பதிவு நடக்கும் நேரத்துக்கு மட்டும் ஃபேனை நிறுத்தினால், டோலக்கும் சட்டியும் சேர்ந்த பாட்டில் மிச்சமிருக்கும் சத்தம் யார் காதிலும் விழாது. ஒரு குரல், ஒரு வீணை, நடுவே நீண்ட மௌனம் என்றிருக்கும் பாட்டுக்கு இது போதாதுதான். அதற்கு இரவில் லாரி ஓய்ந்த நேரம் பார்க்க வேண்டும். நெருங்கிப் பாடும்போது மைக் குரலின் கனத்தைக் கூட்டிக் காட்டும். 'ப' என்ற எழுத்து மூச்சாய் வந்து மோதும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் மோதல் தீரும். கனத்தை ஈக்வலைசரில் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, மைக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. சத்தம் வரும் ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பாடச் சொல்வார்கள். பாடகர்கள் கையில் சாதாரணமாக இருக்கும் கார்டியாய்டு வகை மைக் தன் முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தைக் கேட்காது. ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பாடினால் மைக்கின் வாய் நேராக ஜன்னலைப் பார்க்கிறது. செய்ய வேண்டியது தலைகீழ். பாடுபவர் ஜன்னலைப் பார்த்து நிற்கட்டும். மைக்கின் முதுகு தெருவுக்கு இருக்கட்டும். மெத்தையையோ கனமான போர்வையையோ பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். அந்தச் சுவரில் பட்டுத் திரும்புவதைத்தான் மைக் வாங்குகிறது.

ஃபோம் விற்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஒட்டும் ஃபோம் சத்தத்தைத் தடுக்காது. தடுப்பதற்கு எடை வேண்டும். ஃபோமில் எடை இல்லை. அது செய்வதெல்லாம் அறைக்குள் எதிரொலிப்பதைக் கொஞ்சம் உறிஞ்சுவது. ஓர் அங்குல ஃபோம் உறிஞ்சுவது சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மட்டுமே. முட்டை அட்டை அதுவும் செய்யாது. விளைவு என்ன? 'ச', 'ஸ' எழுத்துகளின் மினுமினுப்பு செத்துப்போகும். கீழே உள்ள கனம் அப்படியே அறைக்குள் சுற்றும். இலவம்பஞ்சு மெத்தை, கதவைத் திறந்து வைத்த துணி பீரோ, கொடியில் இரண்டு அடுக்காகத் தொங்கும் சேலைகள் இதைவிட நன்றாக வேலை செய்கின்றன. அவற்றின் தடிமன்தான் காரணம்.

வடசென்னையின் சின்ன வீடுகளில் உண்மையான எதிரி அறைக்குள்ளேயே இருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்கள் சுமார் 57 ஹெர்ட்ஸில் கூடி ஒலிக்கும். அதன் மடங்குகளான 114, 171 ஆகியவற்றிலும். அறை சதுரமானால் நீளமும் அகலமும் ஒரே இடத்தில் கூடி, அந்தக் கனம் இரட்டிக்கும். கூரையும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம். டோலக்கின் அடிப்பக்கம் கும்மென்று இறங்கும் இடமும் இந்தப் பகுதிதான். மூலையில் உட்கார்ந்து டோலக் வாசித்தால் இடி இடிக்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவருக்கோ 57 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. அந்த அலை அங்கே அடங்கிப்போகிறது. பேஸ் பற்றவில்லை என்று அவர் கூட்டுவார். அந்தப் பாட்டு ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரில் ஏறியதும் சொல் ஒன்றும் புரியாமல் பம்மும். "வீட்ல மிக்ஸ் பண்ணா இப்படித்தான்" என்று அப்போது ஒரு தீர்ப்பு வரும். தீர்ப்பு தவறு, உட்கார்ந்த இடம்தான் குற்றவாளி. நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தி, முன்சுவரிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் உள்ளே போடுங்கள். வாசிப்பவரை மூலையிலிருந்து எழுப்பி இடம் மாற்றிப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை.

பறையை இந்த அறைக்குள் அடைப்பதே முதல் தப்பு. அது வெட்டவெளிக் கருவி. நாலு சுவருக்குள் அதன் அடி ஒவ்வொன்றும் நாலு முறை திரும்பி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். அங்கே திரும்பி வருவதற்குச் சுவர் இல்லை. பறையின் ஒலிக்கு முன்னால் கீழே ஓடும் லாரி ஒரு பொருட்டே இல்லை. தடை என்றால் காற்றுதான். கடற்காற்று பெரும்பாலும் முற்பகலுக்குப் பிறகு கிளம்பும். காலை ஏழு, எட்டு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிச் சுவரின் மறைவில், மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, ஒன்றிரண்டு கஜம் தள்ளி வைத்துப் பதியலாம். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. இப்படிப்பட்ட மாடி எத்தனை பெரிய ஸ்டுடியோக்களிடம் இருக்கிறது?

கண்டென்சர் மைக் மோகம் தனிக் கதை. அது நுட்பமானது, மெல்லிய ஒலியையும் தூரத்து ஒலியையும் வாங்கும். அமைதியான, அடங்கிய அறைக்கு அது வரம். தெருவோர வீட்டில் அதே நுட்பம் பக்கத்து வீட்டு குக்கர் விசிலையும் சேர்த்து வாங்கித் தரும். மேடையில் பாடப் பயன்படும் சாதாரண டைனமிக் மைக் நம் வீடுகளுக்குப் பொருத்தம். ஷூர் எஸ்எம்58 வந்தது 1966இல், இன்றும் விற்கிறது. டைனமிக் மைக் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: மைக்கேல் ஜாக்சன் 1982இல் வெளியிட்ட 'த்ரில்லர்' ஆல்பத்துக்குப் பாடியது எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில். பெரிய ஸ்டுடியோதான் அது. எந்த மைக்கையும் வாங்கக்கூடிய இடத்தில் அவர்கள் தேர்ந்தது இதை. கடலோரத்துக்கு வேறு ஒரு கணக்கும் உண்டு. ஈரப்பதம் கூடினால் கண்டென்சர் மைக் படபடவென்று பொரியும். உப்புக் காற்று கேபிள் முனைகளை அரிக்கும். எந்த மைக்காக இருந்தாலும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இரைச்சல் கேட்டால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு எர்த்தில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்; புது இன்டர்ஃபேஸ் வாங்க ஓடாதீர்கள்.

மூன்றாவது அறிவுரைதான் இருப்பதில் மிக ஆபத்தானது. மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பதை நம்பிக் கெட்ட பாட்டுகள் ஏராளம். உச்சத்தில் முட்டி உடைந்த குரலை முழுதாக ஒட்டவைக்க முடியாது. அறையின் எதிரொலி குரலில் கலந்துவிட்டால் அதைக் குறைக்கலாம், எடுத்தெறிய முடியாது. ஆகவே பதியும்போதே 24 பிட்டில், உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். 24 பிட்டின் கணக்கு எல்லை 144 டெசிபல். நம் அறையின் சத்தம் அதன் அடிமட்டத்துக்கு வெகு மேலே நிற்கிறது. அளவைக் கூட்டி வைத்து அடைவது ஒன்றுமில்லை, உடைவதைத் தவிர. கம்ப்ரஸரிலும் நிதானம் வேண்டும். குரலை 10 டெசிபல் அமுக்கி அதே அளவு உயர்த்தினால், வரிகளுக்கு நடுவே பதுங்கியிருந்த தெருச்சத்தமும் 10 டெசிபல் எழும். முதலில் அந்த இடைவெளிகளை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு அமுக்குங்கள்.

கானாவுக்கென்றே சில விஷயங்கள் உண்டு. மெட்ரோனோம் சொடுக்கைக் காதில் போட்டு, பாடகரைத் தனியே நிறுத்திப் பாடவைப்பது வழக்கமான முறை. கானாவின் நடை பாடுபவருக்கும் டோலக்காரருக்கும் நடுவே நடக்கும் பேச்சுவார்த்தையில் பிறப்பது. உணர்ச்சி ஏறும்போது காலமும் கொஞ்சம் ஏறும். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு மைக்கும் அடுத்தவருக்கு முதுகு காட்டும்படி வைத்து, ஒன்றாகவே பதியுங்கள். ஒன்றின் ஒலி மற்றதில் கொஞ்சம் கசியும். இரண்டு மைக்குகளுக்கும் இடையிலுள்ள தூரம், மைக்குக்கும் அதன் மூலத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருந்தால் அந்தக் கசிவு தொல்லை தராது. சுருதி திருத்தும் கருவியை முழு வேகத்தில் ஓட்டினால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துப் போகும் இழுப்பு படிக்கட்டாக உடையும். அந்த இழுப்பில்தான் மரண கானாவின் துக்கமே இருக்கிறது. தவறிய ஒரு சொல்லுக்கு மட்டும் கைவையுங்கள்.

இன்னொரு நோய் உண்டு. அடுத்தவன் பாட்டைவிட என் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்று கடைசிக் கட்டத்தில் லிமிட்டரைப் போட்டு நசுக்குவது. யூடியூப் உரத்த பாட்டுகளைச் சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற உரப்பு அளவுக்குத் தானே இறக்கிவிடுகிறது. மைனஸ் 7இல் நசுக்கி ஏற்றிய பாட்டு 7 டெசிபல் இறங்கும். உரப்பு போய்விடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும். அந்தக் கவலையை விட்டு, கேட்பவரின் கருவியைப் பற்றிக் கவலைப்படுங்கள். செல்போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. டோலக்கின் அடிப்பக்கத்துக் கும்கியை அதில் கேட்கவைக்க பேஸைக் கூட்டிப் பயனில்லை. லேசான டிஸ்டார்ஷன் சேர்த்தால் மேல்மடங்குகள் எழும். காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். மிக்ஸை மோனோவில் ஒரு முறை, மெல்லிய சத்தத்தில் ஒரு முறை, செல்போனில் ஒரு முறை, பக்கத்துத் தெரு ஆட்டோவில் ஒரு முறை கேளுங்கள். நாலு இடத்திலும் சொல் புரிந்தால் வேலை முடிந்தது.

இவ்வளவு எளிதான விஷயம் ஏன் இவ்வளவு கடினமாகச் சொல்லப்படுகிறது? கருவி விற்பவருக்கு லாபம் என்பது பாதிக் காரணம். மறுபாதி பழக்கம்: வடசென்னையின் பாட்டை வடசென்னைக்கு வெளியே இருப்பவர்தான் பதிந்து, சீவி, ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்ற பழக்கம். 2006இல் 'சித்திரம் பேசுதடி' கானா உலகநாதனையும், 2012இல் 'அட்டகத்தி' கானா பாலாவையும் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது நல்லதுதான். ஆனால் சினிமாவில் எந்தப் பாட்டு நிற்க வேண்டும், எந்த டேக் இருக்க வேண்டும், எந்த வசவை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது பாடியவர் அல்லர். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடை ஏறியபோது, சட்டியும் கட்ட மோளமும் பறையும் கிட்டாருக்குச் சமமாக முன்வரிசையில் நின்றன. மேடையில் கிடைத்த அந்த இடம் பதிவிலும் கிடைக்க வேண்டுமானால், மைக்கை எங்கே வைப்பது என்பதை அந்தக் கருவிகளை வாசிப்பவர்கள் தீர்மானிக்க வேண்டும். மணிக்கணக்குக் கொடுத்து வாடகைக்கு எடுத்த அறையில் அது நடப்பது அபூர்வம்.

ஸ்டுடியோக்களை மூடச் சொல்லவில்லை. வரிசையைத் திருப்பச் சொல்கிறேன். முதலில் பாட்டு. பிறகு அறையில் எங்கே உட்காருவது என்பது. பிறகு வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். பிறகு இருக்கிற மைக்கில் பத்து முறை பாடிப் பார்க்கும் பொறுமை. இவை தீர்ந்த பிறகும் ஒரு குறை காதில் உறுத்தினால், அந்தக் குறைக்கென்று ஒரு கருவி வாங்கலாம். எல்லாம் முடிந்து கையில் காசு மிச்சமிருந்தால், கோடம்பாக்கம் போய் ஒரு நல்ல அறையில் பாட்டைக் கேட்டுவிட்டு வரலாம்.